உள்தாழ்ப்பாள்

பழைய பண்ணைக் கட்டடத்தின் கடைசி அறையைக் கோழிக்கூடாக மாற்ற வந்த ஆசாரி, வேலையைத் தொடங்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.

“மாடு கட்டின அறைங்கிறீங்க. உள்ள இருந்து யாரு தாழ் போட்டிருப்பா, முதலாளி?”

“மாட்டுக்கு வெக்கமா இருந்திருக்கும். வெளியில புதுசு ஒண்ணு போடுங்க.”

“இதைக் கழட்டிடவா?”

“அது பாட்டுக்குக் கிடக்கட்டும். கழட்டினா அதுக்கும் ஒரு கூலி சொல்வீங்க.”

ஆசாரி சிரிக்கவில்லை. கம்பிவலை அடித்து, கோழிகள் உட்கார நீளமாக ஒரு கழியைக் கட்டிவிட்டு, பொழுது சாயுமுன் கிளம்பிவிட்டார்.

முதலாளி முன்பு ஜவுளிக்கடைக்காரர், வாயை வைத்தே பிழைத்தவர். வேண்டாம் என்று படியிறங்கியவரையும் பேசியே திரும்பக் கூப்பிட்டு, ஒன்றுக்கு இரண்டாகக் கட்டிக் கொடுத்து அனுப்புவார். அப்பேர்ப்பட்டவருக்கு, நான்கு வயது முடிந்தும் ஒரு சொல் பேசாத மகள். காது நன்றாகக் கேட்கிறது, காத்திருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். கடையை விட்டு இந்தப் பண்ணைக்கு வந்ததே, ஆடு கோழி என்று ஓடித் திரிந்தாலாவது குழந்தை வாய் திறக்காதா என்றுதான். ஒரே ஒரு ‘அப்பா’. அதற்கு என்ன விலை சொன்னாலும் அவர் பேரம் பேசமாட்டார்.

சாயங்காலந்தோறும் குருணையை அள்ளி இறைத்து, “ப்பா... ப்பா... ப்பா...” என்று கூப்பிட்டுக் கோழிகளை அடைப்பார். மகள் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி அவர் வாயையே பார்ப்பாள்.

கோழிகள் உள்ளே போகும். ஆனால் கழியின் நடுவில் ஒன்றும் உட்காராது. இரண்டு ஓரங்களிலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, சத்தமே காட்டாமல், நடுவில் விட்ட இடத்தையே பார்த்தபடி இருக்கும். சின்ன ஆள் ஒருவர் உட்காரும் அளவு இடம். புதுச் சுண்ணாம்புக்கும் எச்ச நெடிக்கும் அடியில், நெடுநாள் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல் ஒரு வாடை வரும். புது இடம், பழகட்டும் என்று வெளித்தாழைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்.

அன்று மேகம் கவிந்து சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. கோழிகள் உள்ளே போனதும், குருணை டப்பாவைக் கூட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்துமுன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“ப்பா...”

கூட்டுக்குள்ளிருந்து. பிஞ்சுக் குரல்.

“ப்பா... ப்பா...”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. “தங்கம், இங்கயா இருக்க? இன்னொரு தடவை சொல்லுடா. அப்பா வந்துட்டேன்.” ஈரக்கையோடு உள்ளே ஓடினார்.

இருட்டில், கழியின் நடுவில், சின்னதாக ஒரு முதுகு.

வீட்டு வாசலிலிருந்து மனைவி கேட்டாள்: “யாரோட பேசிட்டிருக்கீங்க? பாப்பா என் தோள்ல தூங்குறா.”



காலடியில் ஏதோ சிதறி விழுந்தது. குருணை. ஒரு பிடி.

“ப்பா... ப்பா... ப்பா...”

தகப்பனைக் கூப்பிடும் குரல் இல்லை அது. அவருடைய இழுப்பு. அவருடைய தாளம். பொழுது சாய்ந்தால் கூட்டில் அடைக்கக் கூப்பிடுவது.

முதுகு திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் நீண்டு இன்னொரு பிடி வீசியது. இந்த முறை கழிக்குப் பக்கத்தில்.

கோழிகள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தன. இன்னோர் ஆளுக்கு இடம் விட்டன.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள், துருவைத் தேய்த்தபடி, மெதுவாக இறங்கியது.