கெரேயைத் தர மாட்டேன்

குட்டிக்கு மடி தெரியவில்லை. பிறந்த குட்டி எதுவானாலும், கால் தள்ளாடினாலும், கண்ணே சரியாகத் திறக்காவிட்டாலும், தாயின் வயிற்றடியில் மூக்கால் முட்டி முட்டி மடியைக் கண்டுபிடித்துவிடும்; குதிரைகளோடே வளர்ந்து நாற்பதைத் தாண்டிய குன்னேய் இதற்கு மாறாக ஒன்றைப் பார்த்ததே இல்லை. இதுவோ தாய்க்குதிரை கெரேயின் காலடியில் நின்றுகொண்டு, தலையைத் தாழ்த்தி, லாயத்தின் மண்தரையில் காதை வைத்துக் கேட்டது. அப்புறம் தரையைப் பார்த்துக் கனைத்தது. கனைத்துவிட்டுச் சும்மா நின்றது. பதிலுக்குக் காத்திருக்கிறது என்று தோன்றியது அவளுக்கு.

"ரொம்ப மரியாதைக்காரப் புள்ளையா இருக்கே, தலையே நிமிர மாட்டேங்குது," என்றான் வாசலில் சாய்ந்திருந்த அண்ணன் சேமியோன்.

"சும்மா இருண்ணே. வயித்தெரிச்சலைக் கிளப்பாதே."

எர்ச்சிமுக்கு இதெல்லாம் உறைக்கவே இல்லை. யாகூத்ஸ்க் நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவன். குட்டி பிறந்த நாளிலிருந்து தூக்கமில்லாமல் கண் சிவந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே திரிந்தான். "புட்டிப்பால் குடிக்குதுல்ல அக்கா, அது போதும். ஆயிரமாயிரம் வருஷமா இல்லாத குதிரை! இப்போ உங்க லாயத்துல நிக்குது!"

"நிக்குது. ஆனா அதுக்கு இங்கே இருக்கவே பிடிக்கலை."

வினையை இழுத்துவிட்டது அவள் கைதான். இரண்டு கோடைக்கு முன்னால் யானா ஆற்றுக்கு மேலே உறைமண் உருகிச் சரிந்த பள்ளத்தில், சேற்றுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குளம்பை முதலில் பார்த்தவள் குன்னேய். இழுத்தபோது, எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்து உறைந்த முழுக் குட்டியே வந்தது. தோல், முடி, இமை எல்லாம் நேற்றுத்தான் தூங்கப்போன மாதிரி. மண்ணிடமிருந்து எதை எடுத்தாலும் அந்தக் குழியில் ஒன்றை வைத்துவிட்டு வரவேண்டும். மணியோ புகையிலையோ ஒரு விரல் வெண்ணெயோ, எதுவானாலும் சரி. அன்றைக்குப் பை காலி. ஏறி வந்த கெரேயின் பிடரியில் ஒரு கொத்தை வெட்டிக் குழிக்குள் திணித்துவிட்டு வந்தாள். பாதி வழியில்தான் புத்தியில் உறைத்தது. குதிரையை விற்கிறவன்கூடப் பிடரியில் ஒரு கொத்தை வெட்டித் தன்னிடம் வைத்துக்கொண்டுதான் கயிற்றைக் கொடுப்பான். முடியையே கொடுத்துவிட்டால் குதிரையையே கொடுத்தாயிற்று. "புத்தி கெட்டவளே, மண்ணுக்குக் குதிரையையே எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கியே!" என்று சேமியோன் ஒரு வாரம் கத்தினான்.

அப்புறம் ஆய்வுக்கூடத்துக்காரர்கள் வந்து, அந்தக் குட்டியின் உயிரணுவிலிருந்து கருவாக்கி, ஊர்க் குதிரைகள் பலவற்றின் வயிற்றில் வைத்தார்கள். தங்கியது கெரேயிடம் மட்டும். ஊரே அதிசயப்பட்டது. குன்னேய்க்கு மட்டும் குழிக்குள் திணித்த பிடரிமுடி ஞாபகம் வந்தது.

கெரே அவள் கையால் பால் குடித்து வளர்ந்தவள். புருஷன் ஆற்றோடு போன வருஷம், பனியில் தாயை இழந்து நடுங்கிக்கொண்டிருந்த அதைத் தன் படுக்கையில் போட்டு வளர்த்தாள். அவளுக்கென்று இருந்த ஒரே ஜீவன். இப்போது அதன் விலா எலும்பைத் தொலைவிலிருந்தே எண்ணிவிடலாம் போல இருந்தது.

சாயங்காலம் தேநீருக்கு உருக்கப் பனிக்கட்டி எடுக்க நிலவறைக்குப் போனாள். மே மாதச் சூரியன் மலை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு இறங்குவேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் பழுப்பு வெளிச்சம், எதற்கும் நீண்ட நிழல். உறைமண்ணில் வெட்டிய அறை அது, லாயத்துக்குப் பின்னால் சரிவாக இறங்கும் பாதையும் மரக்கதவும் உண்டு. உள்ளே மீன், இறைச்சி, குளிர்காலத்தில் ஆற்றிலிருந்து அறுத்துவந்த பனிக்கட்டி. கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். சர்ரக்... சர்ரக்... குளிர்காலம் முழுக்க அவள் காதில் விழுகிற சத்தம்தான். பனிக்கு அடியில் கிடக்கிற புல்லுக்காகக் குதிரைகள் குளம்பால் பறண்டும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தூங்கி வளர்ந்தாள். ஆனால் இது கீழேயிருந்து வந்தது. கீழேயிருந்து மேல்நோக்கி.

அதே நேரம் மேய்ச்சலில் நின்ற மந்தை மொத்தமும் காது மடக்கி, பொலிகுதிரை முன்னால் ஓட, மலைப்பக்கம் பிய்த்துக்கொண்டு பறந்தது. சேமியோன் திட்டிக்கொண்டே வண்டியை எடுத்துப் பின்னால் விரட்டினான். வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

நிலவறையில் கேட்ட சத்தத்தை அவள் வந்து சொன்னாள். "நாளைக்கு ஹெலிகாப்டர் வருது அக்கா," என்றான் எர்ச்சிம். "தாயையும் குட்டியையும் கொண்டுபோயிடுவோம். நீங்க பயப்படவே வேணாம்."

"கெரே எங்கேயும் வராது."

"இதைப் புரிஞ்சுக்கோங்க அக்கா. இந்தக் குதிரைங்க பனியை மிதிச்சு மேஞ்ச காலத்துல மண்ணு இறுகி இருந்துச்சு. இப்போ நிலமெல்லாம் உருகி வழியுது. போனதைத் திரும்பக் கொண்டாந்து நிறுத்துறது தப்பா?"

"யாரைக் கேட்டுக் கொண்டாந்தே? அதுக்கு ஒரு தாய் இருந்துச்சு, கூட்டம் இருந்துச்சு. எல்லாரையும் மண்ணுக்குள்ள விட்டுட்டு ஒத்தையா ஒண்ணை மட்டும் எழுப்பி நிறுத்தினா, அவங்க தேடமாட்டாங்களா?"

அவன் சிரித்தான். கேலியாக இல்லை, பாவம், பாசமாகத்தான். கைவிளக்கை எடுத்துக்கொண்டான். "சரி, வாங்க. உங்க நிலவறையில யாரு இருக்காங்கன்னு பாத்துடுவோம். எலியா இருக்கும்."

"போகாதே தம்பி. சொன்னாக் கேளு!"

போனான். கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குளிர் வரவில்லை. வெயிலில் காய்ந்த புல்லின் வாசனை வந்தது; அதற்கு அடியில் ஈரத்தோல், பழைய சாணம், நாள்பட்ட இரத்தம். அவன் பூட்ஸ் சத்தம் கீழே இறங்கியது. நின்றது.

"அக்கா... இங்க சுவர் இல்ல."

"ஏறி வா!"

"பின்சுவரையே காணோம் அக்கா. போய்க்கிட்டே இருக்கு." குரலில் குழந்தை மாதிரி ஒரு சந்தோஷம். "எவ்வளவு புல்லு... அக்கா, இங்க வெளிச்சமா இருக்கு."

விளக்கொளி தூரத்துக்கு நகர்ந்தது. ஒரு அறையின் நீளத்துக்கு மேல். ஒரு வயலின் நீளத்துக்கு மேல். அணைந்தது.

அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பதில் வந்தது. கனைப்பாக.

லாயத்தில் குட்டி துள்ளியது. கெரேயின் கால்கள் தாமாகவே நிலவறைப் பக்கம் நடக்கத் தொடங்கின. கண் வெறித்திருந்தது, உடம்பு நடுங்கியது, நடையை நிறுத்த முடியவில்லை அதற்கு. குன்னேய் ஓடிவந்து கழுத்தில் கயிற்றைப் போட்டாள். முற்றத்துத் தூணில் ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. முடிச்சை இறுக்கினாள். பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

நிலவறை வாய்க்கு முன்னால் போய் நின்றாள்.

"என்னத்துக்கு வந்தீங்க? உங்க புள்ளைக்குத்தானே? இந்தா, கூட்டிட்டுப் போங்க! எடுத்தது தப்பு, எடுத்தது நான்தான். என்னைக் கேளுங்க. இவளைக் கேக்காதீங்க. முடி கொடுத்தேன், ஆமா கொடுத்தேன். தெரியாமக் கொடுத்தேன். இப்போ தெரிஞ்சே சொல்றேன், தர மாட்டேன்!"

சர்ரக்.

திறந்திருந்த கதவு பிய்ந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. முதலில் ஒரு மூக்கு. சேறு வழியும் மூக்கு. அப்புறம் தலை, பாதித் தோல், பாதி வெள்ளை. கட்டைகுட்டையான கிழட்டுப் பெட்டைக் குதிரை. வயிற்றில் மடி கனத்துத் தொங்கியது, கறுப்பாகச் சொட்டியது. குட்டி குன்னேயைத் தாண்டி ஓடியது. போய்க் குடித்தது. சப்புக் கொட்டிக் குடித்தது.

"போயிடுச்சுல்ல? போங்க! போங்கடீ!"

பின்னால் இன்னொன்று ஏறியது. இன்னொன்று. அவசரமே இல்லாமல். கண் இருந்த இடத்தில் மண் அடைத்திருந்தது. ஆனாலும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

கெரேயின் பக்கம்.

குன்னேய் ஓடினாள், வீட்டுக்கு இல்லை, தூணுக்கு. கெரேயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கயிறு அறுந்து தரையில் கிடந்தது. கெரே அசையாமல் நின்றது. அசையாததே நிம்மதியாக இருந்தது.

"நான் இருக்கேன்டி. நான் விடமாட்டேன்."

அவை சுற்றி வந்தன. ஓநாய் வந்தால் மந்தை நிற்குமே, அப்படி. தோளோடு தோள் உரச, பின்பக்கம் வெளியே, தலையெல்லாம் உள்ளே. காக்க வேண்டியதை நடுவில் விட்டு வட்டம் போட்டு நின்றன. ஒன்றும் அவளைக் கடிக்கவில்லை. ஒன்றும் உதைக்கவில்லை. வட்டம் மட்டும் நெருங்கியது. காய்ந்த புல் வாசனை. இன்னும் நெருங்கியது.

அந்தியின் குளிர் இறங்கியிருந்தது. அவள் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. இத்தனை மூக்குகள் சுற்றிலும், ஒன்றிலிருந்தும் ஆவி வரவில்லை. அவள் மெல்லத் திரும்பி, கன்னத்தோடு கன்னம் வைத்திருந்த கெரேயின் மூக்கைப் பார்த்தாள்.

விரிந்த மூக்குத்துளை. அதன் முன்னால் தெளிந்த காற்று.

"தர மாட்டேன்," என்றாள் குன்னேய். பிடியை இன்னும் இறுக்கினாள். அவள் மூச்சு ஒன்றுமட்டும் அந்த வட்டத்துக்கு மேலே வெள்ளையாக எழுந்துகொண்டிருந்தது.