திருமாறனின் ஐம்பத்திரண்டு விநாடிகள்

சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் குக்கர் விசில்கூடக் கேட்காது. எல்லா வீட்டிலும் ஒளிப்பலகையின் முன் குனிந்து உட்கார்ந்து, ஆளுக்குப் பன்னிரண்டு தாள் வரைந்துகொண்டிருப்பார்கள். அடியில் தெரியும் கோட்டைச் சற்றே நகர்த்தி மேல்தாளில் வரைய வேண்டும். பன்னிரண்டு தாள்களையும் ஓட்டினால் ஒரு விநாடிப் படம். மனதில் என்ன இருக்கிறதோ அதை வரைந்தால் போதும், அழகாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாடிவீட்டு வக்கீல் மூன்று வருடமாக ஒரு முட்டையை உருட்டிக்கொண்டிருக்கிறார்.

கணினிகள் யார் குரலிலும் பேசி, யார் முகத்திலும் சிரிக்கத் தொடங்கிய பிறகு, ஒருவர் உள்ளே எப்படி இருக்கிறார் என்று அறிய வேறு வழியில்லாமல் போயிற்று. அப்படி வந்ததுதான் அகப்படம். நாடிப்பென்சில் விரலைத் தொட்டதுமே அது யாருடையது என்று சொல்லிவிடும். கோடுணரி என்ற கருவி அந்த ஒரு விநாடியைப் படித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கும். சிவப்பு வந்தால் தண்டனை ஒன்றும் இல்லை. துணையர் ஒருவர் மூன்று மாதம் பகலெல்லாம் வீட்டுக்கு வந்து கூடவே இருப்பார். யாரும் தனியாக மூழ்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தச் சனிக்கிழமை நான் வீட்டில் வரையவில்லை. வார்டு அகப்பட நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் திருமாறன் காணாமல் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது.

"ஒரு வருஷமா எல்லாமே பச்சைக்கா," என்றார் அதிகாரி பர்வீன். என்னைவிடப் பத்து வயது இளையவர், பொறுமையான பெண். "நல்லா இருக்கிறவர் அவரா பஸ் ஏறிப் போயிருக்கார். அப்படிப் போனவரைத் தேடுறதுக்குச் சட்டத்துல இடமில்ல."

திரையில் என் கணவருடைய படம் ஓடியது. ஒரு மனிதன் செடிக்குத் தண்ணீர் ஊற்றினான். பட்டம் விட்டான். மழையில் குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"அதை அவர் வரையல," என்றேன். "நான் வரைஞ்சது."

"பென்சில் அவர் விரல்னு சொல்லுதே?"

"விரல் அவருதுதான். சின்னப் பிள்ளைக்குக் கையைப் பிடிச்சு அரிசியில 'அ' எழுத வைப்பாங்கல்ல? அந்த மாதிரி, அவர் கைமேல என் கையை வெச்சு நான்தான் ஓட்டினேன்."

பர்வீன் படத்தை நிறுத்தினார்.

திருமாறன் தானாக வரைந்த காலத்தில் கொடியில் காயும் சட்டை ஒன்றைத்தான் வரைவார். காற்று புகுந்ததும் சட்டைக்குள் ஓர் ஆள் வருவான், காற்று நின்றதும் போய்விடுவான். போன வருடம் காற்று வருவது நின்றது. பன்னிரண்டு தாளிலும் வெறும் சட்டை. மஞ்சள் வந்தது. அடுத்தது சிவப்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒருவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து என் புருஷனுக்கு ஆறுதல் சொல்வதா? அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் என்று பெயர் வாங்கியவள் நான். அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியுமா? அதனால்தான் அவர் கையைப் பிடித்தேன். அவரும் கையைத் தளர்த்திக் கொடுத்தார். நாடி அவருடையது, கோடு என்னுடையது. கருவியும் ஏமாந்தது, பச்சை வந்தது. நானும் அந்தப் பச்சையை நம்ப ஆரம்பித்தேன், அதுதான் வேடிக்கை.

வருடக் கடைசி ஞாயிறு ஐம்பத்திரண்டு விநாடிகளையும் சேர்த்துக் குடும்பமாகப் பார்ப்பது வழக்கம். போன ஞாயிறு நாங்கள் இருவரும் பார்த்தோம். முடிந்ததும் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல ஆளா இருக்கான் மேகலை," என்றார். "உனக்கு இவனைத்தான் புடிச்சிருக்கு."

கோபமே இல்லாமல் சொன்னார். நான் சிரித்துவிட்டுத் தோசைக்கல்லைப் போடப் போனேன். திங்கள்கிழமை அவருடைய போன் மேஜைமேல் இருந்தது, அவர் இல்லை.

பர்வீன் தேடல் கோப்பைத் திறந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"இப்ப தேடலாம்க்கா. ஆனா எங்கேன்னு தேட அவரே வரைஞ்சது ஏதாவது வேணும். போன வருஷம் ஒருத்தர் வெறும் படிக்கட்டா வரைஞ்சிருந்தார். ஆத்துப் படித்துறையில கண்டுபிடிச்சோம், உயிரோட. ஒரு கோடு இருந்தாக்கூடப் போதும்."

"எதுவுமில்ல. எல்லாம் நான்தான்."

"நீங்க புடிச்சிருக்கும்போது அவர் கை எப்பவாவது தானா நகர்ந்துச்சா?"

நகர்ந்தது. ஆடி மாதம் தொடங்கி, வாராவாரம், நான்காவது ஐந்தாவது தாளில் அந்தக் கை என் கைக்கு அடியில் ஒரு பக்கமாக இழுக்கும். நடுக்கம் என்றுதான் நினைத்தேன். "கோணலாப் போகுதுங்க" என்று இறுக்கிப் பிடித்து நேராக்குவேன், அவரும் விட்டுவிடுவார். ஒரு சனிக்கிழமை மட்டும் விடவே இல்லை. இருவரும் மல்லுக்கட்டியதில் பென்சில் முனை உடைந்தது. பென்சிலைச் சீவிக்கொண்டே அவரைக் கடிந்துகொண்டேன். அதன்பிறகு கை இழுக்கவே இல்லை. இப்போதெல்லாம் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது என்று என் தங்கையிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

எல்லாவற்றையும் பர்வீனிடம் சொன்னேன். அவர் ஒரு தாளையும் பென்சிலையும் என் முன் வைத்தார்.

"அந்தக் கை எங்கே போகப் பாத்துச்சோ, அதை மட்டும் போட்டுக் காட்டுங்க."

வரைந்தேன். அதைத் திரையில் இருந்த கோடுகளோடு வைத்துப் பார்த்து, "இது உங்களோடதுக்கா," என்றார் பர்வீன். மறுபடி வரைந்தேன். அதுவும் என்னுடையதுதான். பன்னிரண்டு தாள் தீர்ந்து இன்னொரு கட்டு வந்தது.

கடைசியில் பென்சிலை என் இடது கையில் கொடுத்து, அதன்மேல் வலது கையை வைத்தேன். அவர் கையைப் பிடித்தது போலவே பிடித்துக் கண்ணை மூடினேன். எவ்வளவு இறுக்கிப் பிடிப்பேன் என்பது என் கைக்கு அப்படியே நினைவிருந்தது.

"எந்தப் பக்கம்க்கா? இடதா, வலதா?"

"தெரியலம்மா," என்றேன். "நான் கவனிக்கல."