ஜிம்மி ஏன் கட்டிக் கிடந்தது?

ஒரு கிழமையாகக் கௌசலாவுக்குக் கோபம். சும்மா கோபம் இல்லை, வாயில் வைத்த சோறும் தொண்டையால் இறங்காத கோபம்.

கோபம் எல்லாம் பக்கத்து வளவுக்குப் புதிதாகக் குடிவந்த தயாளினி அக்கா மேல்தான். அந்த வீட்டு நாய் ஜிம்மி விடிந்தது முதல் பொழுதுபடும்வரை வேப்ப மரத்தடியில் கட்டிக் கிடந்தது. சங்கிலியோ மிகவும் கட்டை. ஜிம்மி எழும்பி வாலை ஆட்டினால் வால் மரத்தில் அடிபட்டது.

"அம்மா, இங்கை வந்து பாருங்கோ! இது நாயோ, மறியலில கிடக்கிற கைதியோ?" வேலியால் எட்டிப் பார்த்தபடி கௌசலா கத்தினாள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "நீ உன்ர வேலையைப் பார் பிள்ளை. மலைநாட்டுப் பக்கத்துச் சனம். அதுகள் அப்பிடித்தான்."

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலிருந்தது. மறுநாள் கௌசலா வகுப்பு முழுவதற்கும் கதையைச் சொல்லிவிட்டாள்.

"ஏன் கட்டி வைச்சிருக்கினம் எண்டு கேட்டனியோ?" என்றாள் பக்கத்தில் இருந்த வினோஜா.

"கேட்க என்ன இருக்கு? நான்தான் கண்ணால பாக்கிறனே!"

பின்னேரம் வீடு திரும்பும்போது தன் வாசல் படலையடியில் தயாளினி அக்கா நின்றார். "பள்ளிக்கூடம் முடிஞ்சுதே, பிள்ளை?" என்று சிரித்தார். கௌசலா முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறு என்று போய்விட்டாள். 'நாயைக் கட்டிப்போட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிப்பு வேறை!'

சனிக்கிழமை காலை கௌசலாவால் பொறுக்க முடியவில்லை. வேலியில் இருந்த ஓட்டைக்குள்ளால் பக்கத்து வளவுக்குள் நுழைந்தாள். ஜிம்மி அவள் கையை நக்கியது. கழுத்துப் பட்டியில் இருந்த கொளுக்கியைக் கழற்றினாள்.

"போடா, ராசா! ஓடு!"

ஜிம்மி ஓடியது. அப்படி ஓர் ஓட்டம்! வளவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு, பின்பக்க வேலிக்குக் கீழால் நுழைந்து பற்றைக்காட்டுப் பக்கம் பாய்ந்தது. கௌசலா கை தட்டிச் சிரித்தாள்.

"ஜிம்மீ! நில்லு, நானும் வாறன்!"

இப்படிக் கத்தியபடி வீட்டுக்குள்ளிருந்து தயாளினி அக்காவின் மகன் கிருபன் ஓடி வந்தான். நாலு வயது. காலில் செருப்பும் இல்லை. அவனும் அதே வேலிக்குக் கீழால் நுழைந்து, நாயின் பின்னால் ஓடினான்.

அப்போதுதான் கௌசலாவின் கண்ணில் அந்தச் சிவப்புப் பலகைகள் பட்டன. மண்டையோட்டுப் படம் போட்ட பலகைகள். 'மிதிவெடி! உள்ளே போகாதே!' சண்டைக் காலத்தில் புதைத்த வெடிகள் இன்னும் எடுக்கப்படாத இடம். பிறந்த நாள் முதல் பார்த்துப் பார்த்து, மரம் மட்டை போல அவளுக்கு அவை பழகிப் போயிருந்தன. ஜிம்மி அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிருபனும்தான்.

"கிருபன்! நில்!"

அவன் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினான். பிடித்து விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டான்.

கௌசலாவின் கால்கள் ஓடத் துடித்தன. ஆனால், துரத்தினால் அவன் இன்னும் ஓடுவான். என்ன செய்வது? மரத்தடியில் ஜிம்மியின் அலுமினியத் தட்டுக் கிடந்தது. அதைத் தூக்கினாள். ஒரு கல்லால் ஓங்கி அடித்தாள். டங்! டங்! டங்!

"ஜிம்மீ! சோறு! சோறு!"

ஜிம்மி நின்றது. காதை நிமிர்த்தியது. பிறகு வந்த வேகத்திலேயே திரும்பி, கிருபனைத் தாண்டிப் பாய்ந்து வந்தது. "எனக்கும் சோறு!" என்று கத்திக்கொண்டு கிருபனும் பின்னால் வந்தான். அவன் திரும்பிய இடத்திலிருந்து பலகைகளுக்குக் கொஞ்சத் தூரம்தான் இருந்தது.

கிணற்றடியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்த தயாளினி அக்கா கிருபனை அள்ளிக் கட்டிக்கொண்டார்.

"ஆர் நாயை அவிட்டது?"

"நான்தான்," என்றாள் கௌசலா.

"ஏன்? ஏன் அவிட்டனீ? நாய் போற இடமெல்லாம் இவன் போவான். அதுக்காகத்தானே கட்டி வைச்சிருக்கிறன்! கயித்தால கட்டினா கடிச்சு அறுத்துப்போடும். வீட்டில கிடந்த சங்கிலி இது ஒண்டுதான். இரவில அவிட்டு விட்டா, இவனுக்குப் பக்கத்திலதான் படுக்கும். என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!"

கௌசலாவுக்கும் கோபம் பொங்கியது. "நீங்கள் சொல்லியிருக்கலாமே!"

"எப்பிடிச் சொல்றது? உன்னோட கதைக்கத்தானே படலையடியில நிண்டனான். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டெல்லோ போனனீ!"

கௌசலா தட்டைக் கீழே வைத்துவிட்டு, வேலி ஓட்டையால் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் பொத்தென்று இருந்தாள். இப்போதும் கோபம்தான். ஆனால், இந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? அவள் மேலேயே காட்ட வேண்டியதாக இருந்தது.

நடந்ததைக் கேட்ட அம்மா, "அவ உன்னை ஏசிப்போட்டாவோ? நான்தான் சொன்னனே, அதுகள்..." என்று தொடங்கினார்.

"அம்மா, போதும்! உங்களுக்கு அவையளைப் பற்றி என்ன தெரியும்? எனக்கும் ஒண்டும் தெரியாது, உங்களுக்கும் ஒண்டும் தெரியாது!"

அம்மாவின் கையில் சுளகு அப்படியே நின்றது.

கௌசலா முற்றத்துக்குப் போனாள். கொடிக் கம்பியில் உடுப்புகள் காற்றில் அங்குமிங்கும் வழுக்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, வேலி அடைத்து மிஞ்சிய கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். இந்த முறை வேலி ஓட்டையால் நுழையவில்லை. படலையில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா! உள்ள வரலாமே?"

தயாளினி அக்கா வந்தார். முகம் இன்னும் கடுகடு என்றுதான் இருந்தது.

"ரெண்டு மரத்துக்கும் நடுவில இந்தக் கம்பியை இழுத்துக் கட்டி, சங்கிலியை அதில கோத்த ஒரு வளையத்தில கொழுவி விட்டா, ஜிம்மி வளவுக்குள்ள ஓடும். வெளியில போகாது. கட்டலாமே, அக்கா?"

அக்கா கம்பியைப் பார்த்தார். மரங்களைப் பார்த்தார். "கம்பியை முறுக்கக் குறடு வேணுமே."

"இந்தாங்கோ," என்றது ஒரு குரல். பின்னால் கௌசலாவின் அம்மா குறட்டோடு நின்றார். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

மூவருமாகக் கம்பியைக் கட்டினார்கள். அறுந்து விடுமோ என்று தயாளினி அக்கா தொங்கிக்கூடப் பார்த்தார். அறவில்லை. சங்கிலியைக் கொழுவியதும் ஜிம்மி இந்த மரத்திலிருந்து அந்த மரத்துக்கு ஓடியது, திரும்பி ஓடியது. கிருபனும் பக்கத்தில் ஓடினான். இரண்டு பேருக்கும் களைக்கவே இல்லை.

கௌசலா ஓரமாக நின்றாள். குசினிக்குள் போன தயாளினி அக்கா மூன்று கோப்பைகளோடு வந்தார்.

"அக்கா, என்னில இன்னும் கோபமே?"

"ஓம், கோபம்தான். அது ஆறுற நேரம் ஆறட்டும்," என்றார் அக்கா, கோப்பையை அவள் கையில் திணித்தபடி. "நீ தேத்தண்ணியை ஆறவிடாமல் குடி."