கிட்ட வந்து அமுக்கணும்

புது பேட்டரி போட்ட பிறகும் கார் அதே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு குட்டிச் சாவிப் படம், அதன் கீழே 'கீ பேட்டரி லோ' என்று எழுத்து. வள்ளியம்மா சாவியைக் குலுக்கிப் பார்த்தாள். பிளந்து, காசு மாதிரி இருந்த அந்த வட்டப் பேட்டரியை முந்தானையில் துடைத்து, எழுத்துள்ள பக்கம் மேலே வருகிற மாதிரி மறுபடி அழுத்தி வைத்தாள். மஞ்சள் சாவி போகிற வழியாக இல்லை.

"சரியான அழுத்தக்காரி," என்று காரைத் திட்டினாள். அவள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான். கார் மட்டும் விதிவிலக்கா என்ன?

நாளைக்குக் காலையில் கார் கை மாறப் போகிறது. "லைட்டு எரியணும், சாவி வேலை செய்யணும். பார்ட்டி முன்னாடி மானம் போகக் கூடாது," என்று சொல்லிவிட்டு ஜெயராமன் டூட்டிக்குப் போய்விட்டார். தண்ணீர் வாரியத்தில் வால்வு திறந்து மூடுகிற வேலை அவருக்கு. மகள் போனதிலிருந்து வாரத்துக்கு ஒரு தரம், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, காரை ஸ்டார்ட் பண்ணி அணைத்துவிட்டு வருவதோடு சரி. மற்றபடி அந்தப் பக்கம் போகமாட்டார். விற்க வேண்டாம் என்று வள்ளியம்மா எவ்வளவோ மன்றாடினாள்.

"தினம் சாயந்திரம் அந்த வண்டியில உக்காந்து உக்காந்து நீ கரைஞ்சு போறே வள்ளி," என்றார் அவர். "பொண்ணுதான் போச்சு. எனக்கு நீயாவது வேணாமா?"

பேட்டரி மாற்றவும் பல்பு மாற்றவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பொண்ணுதான். சங்கமித்ரா. வீட்டில் மித்ரா. தொம்மலூரில் ஒரு ஆபீஸில் சேர்ந்து, அல்சூரில் இந்தச் சந்துக்குள் முதல் முதலாக ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியவள். "எதுக்கெடுத்தாலும் அப்பாவுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதம்மா, தட்டை ஸ்குரூ டிரைவர் ஒண்ணு இருந்தா போதும்," என்று அம்மாவின் கையைப் பிடித்து, உள்விளக்கின் கண்ணாடி மூடியைக் கீறல் விழாமல் நெம்பக் காட்டிக் கொடுத்தாள். அப்படிப்பட்ட கெட்டிக்காரிக்கு இருட்டு என்றால் மட்டும் ஆகாது. ராத்திரி பாத்ரூம் போகக்கூட அம்மாவை எழுப்புவாள். சந்து முனையில் தெருவிளக்கு எரியாத நாளில் அங்கேயே நின்று சாவியை அமுக்குவாள். இங்கே கார் பளிச் பளிச்சென்று கண் சிமிட்டும், மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் விரியும், உள்விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு ஓடி வருவாள்.

வள்ளியம்மா சாவியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் ஓரத்து வாட்ச் கடை பாயிடம் போனாள். பேட்டரி விற்றவர் அவர்தானே, கேட்காமல் விடுவாளா?

பாய் பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தார். "அரே, இது பக்காவா இருக்குமா. வண்டி சொல்றது இந்தச் சாவிய இல்ல. இன்னொரு சாவி இருக்குமில்ல, ஜோடி?"

"அது... தொலைஞ்சுபோச்சு பாய்."

"எங்கயும் தொலையல. வண்டி பக்கத்துலயேதான் இருக்குது. சீட்டுக்கு அடியில தேடுங்க. பக்கத்துல இல்லாத சாவியைப் பத்தி வண்டிக்கு எப்படித் தெரியும்?" பாய் இன்னொரு பேட்டரியை எடுத்துத் தாளில் மடித்துக் கொடுத்தார். "அதுக்கும் போட்டுடுங்க. பேட்டரி வீக்கா ஆச்சுன்னா தூரத்திலேர்ந்து எடுக்காது, கிட்ட வந்து அமுக்கணும். இன்னும் வீக்கா ஆச்சுன்னா இன்னும் கிட்ட. சுத்தமா செத்துப்போச்சுன்னா வண்டிக்குள்ள வந்து உக்காந்து, சாவியையே ஸ்டார்ட் பட்டன்மேல ஒட்ட வெச்சு அமுக்கணும், தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வரும் வழியெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாவி தொலையவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

டெங்கு காய்ச்சல். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை மித்ரா. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கையெல்லாம் வீங்கிக் கிடந்தது. கண்ணாலம் காணாத பொண்ணு, வெறுங்கையோடவா அனுப்புறது என்று யாரோ கேட்டார்கள். வள்ளியம்மாதான் சந்தன சோப்பைக் குழைத்துப் பூசி, அந்த வீங்கிய கையில் பச்சைக் கண்ணாடி வளையல்களைக் கெஞ்சிக் கெஞ்சி ஏற்றினாள். மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு நின்றன. புத்த விகாரையிலிருந்து வந்த பெரியவர் சரணம் சொல்லி முடித்தார். புள்ளைக்குப் பிடிச்சது எதையாவது பெட்டியில வெக்கணும்னா வெச்சிடுங்கம்மா, என்றார்கள். ஜெயராமன் ஆபீஸ் அடையாள அட்டையை வைத்தார். வள்ளியம்மா ஓடிப்போய், ஃபிரிட்ஜ் மேலிருந்த இரண்டாவது சாவியை எடுத்துவந்து, மகளின் விரல்களை மடக்கி அதைப் பிடிக்க வைத்தாள். யாருக்கும் கேட்காமல் காதோரம் சொன்னாள்:

"இருட்டா இருந்தா இத அமுக்கு கண்ணு. லைட்டு வரும். அதப் பார்த்துக்கிட்டே வந்துடு."

பெத்தவளின் வாய் அது. அந்த நேரத்தில் என்ன சொல்கிறோம் என்று எவளுக்குத் தெரியும்?

அந்த வாரமே கார் கண் சிமிட்ட ஆரம்பித்தது. பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்தில், யாரும் தொடாமல், பளிச் பளிச்சென்று. கண்ணாடிகள் விரியும். உள்விளக்கு எரியும், அணையும், மறுபடி எரியும். "வயரிங் கோளாறு, எலி கடிச்சிருக்கும்," என்றார் ஜெயராமன். எலி தினமும் விளக்கு வைக்கிற நேரம் பார்த்தா கடிக்கும்? ஓயாமல் எரிந்து எரிந்து பல்பு போய்விடும். ஜெயராமன் கவனிப்பதற்குள் அவள் புது பல்பு வாங்கி மாட்டிவிடுவாள். இந்த வருஷம் முழுக்க அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். மகளுக்கு விளக்கு வைக்கிற சந்தோஷம்.

நாய்களைத்தான் அவள் சரியாகக் கவனிக்கவில்லை. முதலில் அவை ஏரிக்கரையில், மித்ராவைப் புதைத்த இடத்துப் பக்கம் குரைத்தன, இங்கே கார் சிமிட்டியது. மழைக்காலம் வந்தபோது சந்து முனையில் குரைத்தன. போன வாரம் மாவு மில் வாசலில். நேற்று குரைக்கவேயில்லை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வாலை இடுக்கிக்கொண்டு சந்தை விட்டு ஓடின. பேட்டரி தீர்ந்துகொண்டு வருகிறது. மித்ரா கிட்ட வந்துகொண்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது வானம் கறுத்து, காற்றில் மண் வாசனை தூக்கலாக இருந்தது. வள்ளியம்மா காரைத் திறந்து உள்விளக்கின் மூடியை நெம்பினாள். கருத்துப்போன பல்பைக் கழற்றி, இரண்டு முனையிலும் தொப்பி வைத்த மாதிரி இருக்கும் புது பல்பைச் செருகினாள். விளக்கு எரிந்தது. காருக்குள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, மித்ரா ஒட்டிவைத்த சின்ன புத்தர், மித்ராவின் தலைமுடி சிக்கிய கிளிப், சீட்டில் அவள் காபி கொட்டிய கறை. அதைப் பார்த்ததும் வள்ளியம்மாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் அழுகை வந்தது. நாளைக்கு இந்தக் கறையின் மேல் எவனோ ஒருத்தன் உட்காருவான். சாயந்திரம் மித்ரா சாவியை அமுக்குவாள். இருட்டாகவே இருக்கும். அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, அம்மா பொய் சொல்லிட்டான்னு நினைச்சுக்கிட்டு நிப்பாளே, பாவி மக!

பாய் கொடுத்த பேட்டரியை எடுத்து, மகள் கண்ணில் படுகிற மாதிரி டாஷ்போர்டின் மேல் வைத்தாள். புதுசாகப் போட்டுக்கொண்டு போகட்டும். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இதைக் கொடுத்தால் தூரத்திலேயே நின்றுவிடுவாள். கொடுக்காவிட்டால் உள்ளே வருவாள். ஒரே ஒரு தரம், நாளைக்கு வண்டி போவதற்குள், பக்கத்தில் வந்து உட்காருவாள்.

தன் சாவி உள்ளே இருந்தால் காருக்கு மகளின் சாவி தேவைப்படாது. அதனால் தன் சாவியைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உள்விளக்கு மெல்ல அணைந்தது. யாராவது கதவைத் திறந்தால் தானாக எரியும்.

மழை பிடித்துக்கொண்டது. கூரையில் அரிசி கொட்டுகிற மாதிரி சத்தம். சந்து முழுக்க ஒரே நொடியில் கரண்ட் போனது, எதிர்வீட்டு டிவி பாட்டின் நடுவிலேயே நின்றது, யாரோ மெழுகுவத்தி எங்கே என்று கன்னடத்தில் கத்தினார்கள், அதற்குப் பிறகு மழையைத் தவிர வேறு சத்தம் இல்லை. கண்ணாடியில் அவளுடைய மூச்சே ஆவியாகப் படிந்து வெளியே இருந்ததையெல்லாம் மறைத்தது. நாய்கள் குரைக்கவில்லை.

கார் சிமிட்டியது. பளிச்சென்று இல்லை. தூக்கத்தில் இமையைத் தூக்கப் பார்ப்பதுபோல, அரைகுறையாக ஒரு ஆரஞ்சு வெளிச்சம். பக்கக் கண்ணாடிகள் பாதி விரிந்து நின்றுவிட்டன.

"வாடி கண்ணு," என்றாள் வள்ளியம்மா. "அம்மா இங்கதான் இருக்கேன்."

மறுபடி. இன்னும் மங்கல். பின்பக்கம் நம்பர் பிளேட் ஓரம் ஏதோ உரசியது.

மறுபடி. வெளிச்சமே இல்லை. கதவுப் பூட்டுக்குள் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும்.

அப்புறம் அதுவும் இல்லை.

காரின் பக்கவாட்டில் ஏதோ கையால் தடவிக்கொண்டே முன்னால் வந்தது. மெதுவாக. பின் கதவு. கண்ணாடி. முன் கதவு. கூடவே சின்னதாகக் கலகலவென்று ஒரு ஓசை. வளையல். அந்த ஓசையைக் கேட்டதும் அவள் உடம்பு பூரித்தது. மறு நொடியே சில்லிட்டது. அந்த வளையல்கள் கலகலக்கவே கூடாது. மணிக்கட்டை இறுகக் கவ்விக்கொண்டு நின்ற வளையல்கள் அவை. அவள் கையால் ஏற்றியவை.

கலகலக்க வேண்டுமானால் கை எவ்வளவு வற்றியிருக்க வேண்டும்!

ஒரு வருஷம். மண்ணுக்குள் ஒரு வருஷம். இதை ஏன் இத்தனை நாளும் நினைக்கவில்லை? மகளுடைய முகத்தைத்தான் நினைத்தாள். காபி குடிக்கிற முகத்தை. காய்ச்சலுக்கு முந்தின முகத்தை.

கதவு திறந்தால் விளக்கு எரியும்.

வள்ளியம்மா கையை மேலே துழாவி, உள்விளக்கின் ஸ்விட்சைத் தள்ளி அணைத்தாள்.

கதவு திறந்தது. இருட்டு. மழையின் ஈரம். ஆழத்து மண் வாசனை, அதற்கு அடியில், மெலிசாக, சந்தன சோப்பு. ஓட்டுபவர் சீட் அமுங்கவில்லை. ஆனால் யாரோ உட்கார்ந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.



பிளாஸ்டிக் சாவி ஸ்டார்ட் பட்டன்மேல் பட்டது. டொக். டொக். இடம் தெரியாமல் தேடுகிற சத்தம்.

"அம்மா."

குரல் மாறவில்லை. ஐயோ, குரல் மாறவே இல்லை.

"லைட்டு போடும்மா. பயமா இருக்கு."

ராத்திரி பாத்ரூம் கதவுக்கு உள்ளேயிருந்து கேட்கிற அதே குரல். எத்தனையோ ராத்திரி, எவ்வளவு தூக்கத்திலும், அந்தக் குரலுக்கு அவள் எழுந்து போயிருக்கிறாள். ஒரு தரம்கூடச் சலித்துக்கொண்டதில்லை. இப்போது கை ஸ்விட்சின் மேலேயே இருந்தது. விரல் அசையவில்லை.

"ஒருமாதிரி இருக்குமா உள்ள. ரொம்ப இருட்டு. அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், லைட்டு வரலை." அழுகை. "போடும்மா."

பெத்தவள் என்ன செய்வாள்? போட்டாள்.

முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு மட்டும் தைரியம் வரவில்லை. கையை மட்டும் பார்த்தாள். ஸ்டார்ட் பட்டனை நோக்கி நீண்டிருந்த கை. சாவியைச் சுற்றி, அவள் மடக்கி வைத்தபடியே, மடங்கியிருந்தவை. அவற்றை விரல் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கை கொஞ்சம் உயர்ந்தது. பச்சை வளையல்கள் கலகலவென்று வழுக்கி முழங்கை வரைக்கும் போய் நின்றன. நடுவில் அவற்றைத் தடுக்க ஒன்றுமே இல்லை.

வள்ளியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். தாளைக் கிழித்தாள். பேட்டரியை நீட்டினாள்.

"இந்தா கண்ணு. புதுசு. போட்டுக்கோ. இதப் போட்டுக்கிட்டு அங்கேர்ந்தே அமுக்கு. அம்மா வண்டியக் குடுக்க மாட்டேன், சத்தியமா, தினமும் பல்பு மாத்தி வெக்கிறேன். அங்கேர்ந்தே..."

சாவியை விட்டுவிட்டு வளையல்கள் இறங்கி வந்தன. பேட்டரியை எடுக்கவில்லை. அதை நீட்டிய கையைப் பிடித்தன அந்த எலும்புகள், சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிக்கிற மாதிரி, விரலுக்குள் விரல் கோத்து, கெட்டியாக.

"இனிமே அது எதுக்கும்மா? நீதான் கிட்ட இருக்கியே."

நான்கு கதவுகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டன. தூரத்தில், மழைக்கு நடுவே, சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு ஜெயராமன் சந்துக்குள் திரும்பும் சத்தம் கேட்டது. "வள்ளி! ஏய் வள்ளி, மறுபடி வண்டியிலயா உக்காந்திருக்கே?"

பேட்டரி அவள் கையிலிருந்து நழுவி, காபிக் கறையின் மேல் விழுந்தது. மேலே புது பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.