நெவெனாவின் விடுப்பு விண்ணப்பம்

அன்றைக்கு அது எனக்கு மூன்றாவது வீடு. மதியம் மூன்றரை மணி இருக்கும். தன்யூப் ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனி ரூசே நகரத்துக் குடியிருப்புகளைப் பாதி உயரம் வரை விழுங்கியிருந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஆறாம் மாடி. கையில் காலி அட்டைப்பெட்டி, முதுகில் பை, நாற்பத்தொன்பது வயது முழங்கால்கள். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினேன்.

கதவில் கறுப்புக் கோடு போட்ட இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. நெவெனா மினேவா, நாற்பத்திரண்டு வயது. படத்தில் இருந்தவள் புகைப்படக்காரருக்காகச் சிரித்திருந்தாள். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

என் வேலை எளிது. எங்கள் நிறுவனத்தில் நூற்றெழுபது பேர் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருப்பது முழுக் கணினி அல்ல. உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு பிரிண்டர். அவர்கள் திறந்து வைக்கும் கோப்புகள், பாதியில் நிற்கும் கடிதங்கள் எல்லாம் அலுவலகத்து சர்வரில் இருக்கின்றன. பெட்டி வெறும் ஜன்னல். யாராவது வேலையை விட்டுப் போனால் நான் போய் ஜன்னலைக் கழற்றி எடுத்து வருவேன். இறந்துபோனாலும் அப்படித்தான். பட்டியலில் இரண்டுக்கும் ஒரே கட்டம்.

கதவைத் திறந்தது அவள் அம்மா ராட்கா. எழுபது வயதிருக்கும். மெலிந்த முகம், தூக்கமில்லாத கண்கள். என் காலுக்கு ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை நகர்த்தி வைத்துவிட்டு, விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா பேசுங்க தம்பி. அவ வேலையா இருக்கா."

துக்கத்தில் இருப்பவர்கள் இப்படிப் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். தலையசைத்தேன். வீட்டில் மெழுகுவர்த்தி வாசனையும், அதற்கு மேலே ஆறிப்போன காப்பி வாசனையும் இருந்தன. கூடத்தின் கோடியில் ஓர் அறை, சாத்திய கதவு.

கதவுக்குப் பின்னால் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள்.

வேகமான, பழகிய கை. நடுநடுவே நிற்கும். பிறகு மறுபடி ஓடும்.

"யாரும்மா உள்ள?"

"அதான் சொன்னேனே."

கதவைத் தள்ளினேன். நாற்காலி காலி. மேசையின் ஓரத்தில் நான்கு காப்பிக் கோப்பைகள், நான்கும் ஏடு கட்டிப்போயிருந்தன. திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கோரிக்கைப் படிவம். யாரோ ஒருவரின் உடைந்த கால், மருத்துவமனைச் செலவு, தேதி. கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்தன.

அலுவலகத்தில் யாரோ அவள் கணக்கில் நுழைந்து வேலை பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைக்க நியாயம் இருந்தது. ஆனால் அலுவலகத்தில் ஒருவர் தட்டினால் இந்த வீட்டு விசைப்பலகை அசையாது.

விசைகள் அசைந்தன. கீழே போயின, மேலே வந்தன.

நான் வாசற்படியிலேயே நின்றேன். என் உடம்பில் பயம் வருவதற்கு முன்னால் ஒரு களைப்பு வந்தது. இதையும் நான்தான் பார்க்க வேண்டுமா என்கிற களைப்பு.

அப்போது பிரிண்டர் கனைத்தது. சூடேறிய தூசி மணம். ஒரு தாள் நிதானமாக வெளியே வந்தது. ராட்கா என்னைத் தாண்டிப் போய் அதை எடுத்து, இழுப்பறையிலிருந்த கட்டின்மேல் வைத்தாள். பிறகு கட்டையே என்னிடம் நீட்டினாள்.

"தினம் இந்நேரத்துக்கு ஒண்ணு வரும். முப்பத்தெட்டு இருக்கு. எனக்கு இந்த ஆபீஸ் விஷயம் புரியாது, நீங்களே பாருங்க."

எல்லாம் ஒரே தாள்தான். எங்கள் நிறுவனத்தின் விடுப்பு விண்ணப்பம். பெயர், நெவெனா மினேவா. காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: களைப்பு. கீழே மேலாளர் கையெழுத்துக்கான கோடு காலியாக இருந்தது.

"மேசையிலயே தலைய சாய்ச்சுப் போயிட்டா" என்றாள் ராட்கா. "தூங்கறான்னு நெனச்சு நான் எழுப்பல. ரெண்டாம் நாள்ல இருந்து இந்த சத்தம். மொதல்ல ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சு ஆறு மணிக்கு நின்னுடும். எனக்கும் ஒரு ஆறுதலாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. இப்ப நிக்கறதே இல்ல தம்பி. இருமறா. நாற்காலிய இழுக்கறா. பெருமூச்சு விடறா. நாளைக்கு நாப்பதாம் நாள். ஆத்மா கெளம்பற நாள். படையலுக்குக் கோதுமைய ஊற வெச்சுட்டேன். இவ இப்படி உக்காந்துட்டே இருந்தா எப்படிக் கெளம்புவா?"

அவள் குரல் உடையவில்லை. அழுது முடித்த குரல் அது.

கூடத்துக்கு வந்து கலினுக்கு போன் செய்தேன். நெவெனா இருந்த குழுவுக்கு அவன்தான் மேலாளர். முப்பத்து மூன்று வயது, வீட்டில் இரட்டைக் குழந்தைகள், என்னைவிட மோசமாகத் தூங்குபவன்.

"மினேவா கணக்கை ஏன்டா இன்னும் மூடல?"

எதிர்ப்பக்கம் அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணே, அந்தப் பெட்டிய விட்டுட்டு வந்துடுங்க."

"என்னடா சொல்ற?"

"வேலை நடக்குது அண்ணே. ஒரு நாளைக்கு அறுபது கோரிக்கை, தப்பே இல்ல. குழுவுல ரெண்டு பேர் போயிட்டாங்க, மேல ஆள் குடுக்க மாட்டேங்கறாங்க. யாரு பண்றாங்கன்னு நான் கேக்கல. கேட்டா நின்னுடுமோன்னு பயம்."

"ராத்திரியும் பகலும் நடக்குதாம். அவங்க அம்மா சொல்றாங்க."

"நான்தான்..." என்று இழுத்தான். "நான்தான் கூடக் கொஞ்சம் அனுப்பினேன். அவ முடியாதுன்னு சொல்றதில்ல. எப்பவுமே சொன்னதில்ல."

போனை வைத்துவிட்டேன். ராட்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. என் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்தாள்.

"எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. அவ தூங்கட்டும்."

அறைக்குள் போனேன். மேசைக்கு அருகே காற்று கதகதப்பாக இருந்தது, ரொம்ப நேரம் ஆள் உட்கார்ந்திருந்த இடம்போல. நாற்காலியைத் தொடாமல் சுற்றிப்போய்ப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினேன்.

திரை இருண்டது. விசைகள் நின்றன.

ராட்கா நெஞ்சில் சிலுவையிட்டுக்கொண்டாள். பெட்டியையும் திரையையும் விசைப்பலகையையும் பிரிண்டரையும் கட்டி, விடுப்புத் தாள்களையும் மேலே போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதோடு முடியாது என்று என் தொழில் தெரிந்த எனக்கு முதலிலேயே உறைத்திருக்க வேண்டும். பெட்டியைப் பிடுங்கினால் சர்வரில் திறந்திருப்பது மூடிக்கொள்ளாது. விட்ட இடத்திலேயே காத்துக் கிடக்கும். வேறு எந்தப் பெட்டியிலிருந்து நுழைந்தாலும் அதே வரியில் திறக்கும். பிரிண்டரும் அப்படியே; ஆள் எந்தப் பெட்டியில் இருக்கிறாரோ, அதற்குப் பக்கத்தில் இருக்கும் பிரிண்டரில் தாள் வரும். இதுதான் இந்த ஏற்பாட்டின் வசதி என்று புதிதாகச் சேர்பவர்களிடம் நானே பெருமையாகச் சொல்வேன்.

காரை எடுப்பதற்குள் கலின் கூப்பிட்டான்.

"என்ன பண்ணீங்க அண்ணே? இலியானா போன்ல அழறா."

இலியானா அதே குழு. ஏழு மாத கர்ப்பிணி, ஊரின் மறுகோடியில் தனியாக இருப்பவள்.

"அவ திரையில நெவெனாவோட கோப்பெல்லாம் திறந்திருக்காம். கை வெக்காமலே தட்டுதாம். பக்கத்துல யாரோ மூச்சு விடற மாதிரி இருக்குதாம். பிரிண்டர்ல ஏதோ விடுப்புத் தாள் வந்துச்சாம்."

"எல்லாத்தையும் அணைச்சுட்டு வீட்ட விட்டு வெளிய வரச் சொல்லு. நான் ஆபீசுக்கு வரேன்."

அலுவலகம் போக இருபது நிமிடம். பனியில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பின் இருக்கையில் இருந்த அட்டைப்பெட்டியை நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

கலின் தன் அறையில் எழுந்து நின்றுகொண்டிருந்தான். மாலை ஐந்து மணி. வெளியே இரண்டு பேர் மேலங்கியை மாட்டிக்கொண்டு சிரித்தபடி கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவன் திரையில் யார் யார் எந்தப் பெட்டியிலிருந்து நுழைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் இருந்தது.

"மூணு தடவை வெளியேத்திட்டேன். மூணு தடவையும் திரும்ப வந்துட்டா. இலியானா வீட்டுல அணைச்சதும் நம்ம குழுப் பாவெல் வீட்டுக்குப் போனா. அங்க அணைச்சதும்..." அவன் முடிக்கவில்லை.

பட்டியலில் அவள் பெயரைத் தேடினேன். நெவெனா மினேவா. பக்கத்துக் கட்டத்தில் பெட்டியின் பெயர். அது நான் என் கையால் ஒட்டிய பெயர். தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தேன்.

கலினுடைய பெட்டி.

பட்டியல் மறைந்தது. அந்த இடத்தில் உடைந்த கால் பற்றிய அந்தப் படிவம் திறந்தது, ராட்கா வீட்டில் நான் கம்பியைப் பிடுங்கியபோது நின்ற அதே வரியில்.

விசைப்பலகை தட்டத் தொடங்கியது.

அவனுடைய நாற்காலி அரை அடி பின்னால் நகர்ந்தது, யாரோ வசதியாக உட்கார்வதுபோல. ஆறிப்போன காப்பி வாசனை வந்தது. அப்புறம் ஓர் இருமல். வறண்ட, நீண்ட இருமல், எங்கள் இருவருக்கும் நடுவில்.

சுவரோரப் பிரிண்டர் கனைத்தது.

கலின் அசையவில்லை. நான் போய்த் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். காரணம்: களைப்பு.

"உயிரோட இருக்கும்போது கேட்டாளா?" என்றேன்.

"ரெண்டு தடவை." அவன் உதடு மட்டும் அசைந்தது. "மாத்தி விட ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டேன். எனக்கும்தான் யாரு லீவு குடுத்தா அண்ணே? நான் ரெண்டு வருஷமா..."

"அத அவகிட்ட சொல்லு."

அவன் காலி நாற்காலியைப் பார்த்தான். முகம் கோணியது. அழுகை என்று சொல்ல முடியாது. அழக்கூடத் தெம்பில்லாத முகம்.

"மன்னிச்சுடு நெவெனா" என்றான். "போய்ட்டு வா."

கையெழுத்துப் போட்டான். மேசைக்குக் குனிந்தால் அவள்மேல் சாய வேண்டியிருக்குமே என்று பயந்து, தாளைச் சுவரில் வைத்துப் போட்டான்.

தட்டச்சு நின்றது.

திரையில் அந்தப் படிவம் சேமிக்கப்பட்டது. மூடியது. அதற்குப் பின்னால் இருந்தது மூடியது. திறந்து கிடந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக, ஒழுங்காக, அவசரமில்லாமல் மூடின. கடைசியாக, வரும் மின்னஞ்சல்களுக்குத் தானாகப் போகும் பதிலை அவள் எழுதினாள். "விடுப்பில் இருக்கிறேன். அவசரம் என்றால் கலினைத் தொடர்புகொள்ளவும்." பிறகு அந்த ஜன்னலும் மூடியது. பட்டியல் திரும்பி வந்தது. அதில் அவள் பெயர் இல்லை.

நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நாற்காலியில் உட்கார இருவருக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் கல்லறைக்குப் போனேன். கலின் வரவில்லை, பூ கொடுத்தனுப்பினான். ராட்கா இனிப்பிட்ட கோதுமையைக் காகிதக் கோப்பைகளில் எல்லோருக்கும் கொடுத்தாள். மண்ணில் கொஞ்சம் ஒயின் ஊற்றினாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து, "வீடு அமைதியா இருக்கு தம்பி" என்றாள். அவ்வளவுதான் பேசினோம். நான் வீட்டுக்குப் போய்ப் பதினொரு மணி நேரம் தூங்கினேன்.

மார்ச் வந்தது. பனி விலகி ஆறு தெரிந்தது. கலின் அவள் கணக்கை முறைப்படி மூடிவிட்டதாகச் சொன்னான். இலியானா பிரசவ விடுப்பில் போனாள். கலின் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டானாம். நெவெனாவின் பெட்டியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கிடங்கில் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரம். முட்டைக்கோஸ் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ராட்கா கூப்பிட்டாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"தொந்தரவு பண்றேனா தம்பி?"

"இல்லம்மா, சொல்லுங்க. ஏன் இவ்வளவு மெதுவா பேசறீங்க?"

"அவ தூங்கறா."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு சாயங்காலம் வந்து படுத்தவதான். எங்கயும் போகல. நாப்பதாம் நாளும் போகல. நான் யார்கிட்டயும் சொல்லல, சொன்னா வேற மாதிரி நெனப்பாங்க. கட்டில்ல அவ படுத்த இடம் பள்ளமாத் தெரியும். சின்னக் குறட்டை. நான் போர்வைய மட்டும் இழுத்து விடுவேன். எத்தனையோ வருஷத் தூக்கம் தம்பி. நல்லாத் தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் கூப்பிட்டேன். காலையில இருந்து கொஞ்சம் பொரண்டு பொரண்டு படுக்கறா. அந்தத் தாள்ல லீவு எத்தனை நாள்னு போட்டிருக்கு?"

தாள் என் பையில்தான் இருந்தது, மற்ற முப்பத்தெட்டோடு. எடுத்துப் பார்த்தேன். இருபது வேலை நாட்கள். சனி, ஞாயிறை விட்டுவிட்டு விரலில் எண்ணினேன். நடுவில் வந்த அரசு விடுமுறை ஒன்றையும் கழித்தேன். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். இரண்டு தடவையும் அன்றைய தேதியில்தான் வந்து முடிந்தது.

"தம்பி? இருக்கீங்களா? எழுப்பணுமா வேண்டாமான்னு தெரிஞ்சா, நான் காப்பியாவது..."

போனில் யாரோ நீளமாகக் கொட்டாவி விட்டார்கள்.

ராட்கா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.