கொலுவில் வைத்த மலை

ஏழாம் நாள் கொலுவன்று மத்தியானம்தான் ஜானு அதைக் கவனித்தாள். படிகளுக்குக் கீழே தாம்பாளத்தில் அவள் அமைத்திருந்த பார்க்கில், மண்மலையின் குகை வாசலில் முளைத்த கடுகுச் செடிகள் மட்டும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. அவற்றின் மேல் வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. விரலால் வழித்தாள். லேசில் அறுபடாமல் பட்டு இழை மாதிரி வழுவழுவென்று நீண்டது. காலையில் தண்ணீர் தெளித்தபோது இது இல்லை.

சித்திரக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்த மலையைப் பார்த்து மூக்கில் விரல் வைக்காத மாமி கிடையாது. மண் எங்கே கிடைத்தது என்று கேட்டால் ஜானு சிரித்து மழுப்பிவிடுவாள். மைத்துனன் ஸ்ரீரங்கன் வளர்த்த பூச்சியின் மண் என்று தெரிந்தால் எவள் சுண்டலைக் கையால் தொடுவாள்?

ரங்கனுக்குக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஊரில் பிள்ளைகள் லவ்பேர்ட்ஸ் வளர்த்தால், இந்தப் பைத்தியக்காரன் மலைக்காட்டிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டரான்டுலா எட்டுக்கால்பூச்சியைப் பிடித்து வந்து, கண்ணாடித் தொட்டியில் மண் நிரப்பிக் குடிவைத்தான். அது ஆழமாக வளை தோண்டி உள்ளே பட்டு மெத்தை போட்டுக்கொண்டது.

மாணவர்களோடு வெளியூர் கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். "ரெண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணி தெளிங்கோ மன்னி, போறும். மகா கோபக்காரி அது. மூச்சுக்காத்து பட்டாலே முன்னங்காலத் தூக்கிண்டு சீறும். பெரியவாளைக் கடிச்சா வலிதான். கொழந்தைக்கு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது."

அவன் போன மூன்றாம் நாள் அது மண்ணின் மேல் எட்டுக் காலையும் விரித்துக் கிடந்தது. குச்சியால் தள்ளினாள். அசையவில்லை. ரங்கன் வந்தால் அழுவானே என்று பஞ்சு வைத்து பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைத்தாள். மறுநாள் கொலு, பார்க்குக்கு மண் வேண்டும். ஈரத்தில் இறுகிக் கிடந்த நல்ல மண்ணை எதற்கு வீணாக்குவது? தொட்டியைத் தாம்பாளத்தில் கவிழ்த்தாள். அச்சில் வார்த்த மாதிரி மலை நின்றது. கண்ணாடியை ஒட்டித் தோண்டியிருந்த வளை பக்கவாட்டில் குகையாகவே அமைந்துவிட்டது. கடுகைத் தூவிவிட்டுத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

இப்போது அடுக்களையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் கொலுவுக்கு எதிரே, மின்விசிறிக்கு நேர் கீழே, ஒன்றரை வயது ஜலஜா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெருங்காய வாசனைக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. சீப்பின் பற்களை நகத்தால் உரசுகிற மாதிரி. நின்றது. பல்லியாக இருக்கும் என்று எண்ணெயில் கடுகைப் போட்டாள்.

கொல்லைப்பக்கமாகப் பையோடு ரங்கன் உள்ளே வந்தான். கால்கூடக் கழுவவில்லை. ஜானு அடுப்பைத் தணித்துவிட்டு டப்பாவை நீட்டினாள்.

"மனசைத் தேத்திக்கோடா. உன் பூச்சி போயிடுத்து."

அவன் திறந்து பார்த்தான். இரண்டு விரலால் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தான். அதற்குள்ளே வெளிச்சம் ஊடுருவியது. முதுகில் மூடி திறந்த மாதிரி ஒரு வாய்.

"மன்னி, இது வெறும் சட்டை. பாம்பு உரிக்கறாப்ல உரிச்சிருக்கு."

"அப்போ அது?"

"வளைக்குள்ள போய்ப் பட்டினி கெடக்கும். உடம்பு கெட்டியானதும் பசியோட வெளியில வரும். தொட்டி எங்கே?"

ஜானு கூடத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள். அதே நேரம் கரண்ட் போயிற்று. விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. வீடே மூச்சடங்கியது.

சீப்பு உரசும் சத்தம். இப்போது நிற்கவில்லை.

ஓடினாள். கூடத்து நிலைப்படியில் ரங்கன் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"கிட்டப் போகாதேங்கோ," என்று காதோரம் சொன்னான். "அசைஞ்சா கடிச்சுடும்."

குழந்தை மல்லாந்து கிடந்தாள். கழுத்துக் குழியில் அது உட்கார்ந்திருந்தது. புதுக் கறுப்பு. பளபளப்பு. முன்னங்கால்கள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. குழந்தையின் மூச்சுக்கு ஒருதரம் அதுவும் ஏறி இறங்கியது.

பெற்றவள் பத்தடியில் நின்றாள். எடுக்க முடியாது. கத்த முடியாது. என்னைக் கடி, என்னைக் கடி என்று அவளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை.

புழுக்கத்தில் ஜலஜா சிணுங்கினாள். இமை துடித்தது.

தூங்குடி கண்ணே. தூங்கு.

கண் திறந்தது. அம்மாவைப் பார்த்தது. சிரித்தது.

பிறகு, விழித்ததும் தினமும் செய்வது போல, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.