எட்டாம் மாதத்தில் வந்த பெரியம்மா

"அய்யோ... என் தங்கச்சி மகளே!"

அலறலில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

மலர் மிரண்டாள். வயிற்றில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் புருஷன் ஓடிப்போன நாளிலிருந்து இந்த பஸ் ஸ்டாண்டுதான் அவளுக்கு வீடு. அவளைப் போய் ஒரு பட்டுப்புடவைக்காரி கட்டிக்கொண்டு அழுகிறாள்!

"நீங்க... யாருங்க?"

"உன்ற பெரியம்மா கண்ணு! உங்கம்மா சாகறப்ப நீ கைக்கொழந்தை... என்னைய எப்பிடித் தெரியும்?"

மலர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். அம்மாவின் முகமே அவளுக்குத் தெரியாது.

"எட்டு மாசமாமே! தலைப்பிரசவம் நம்மூட்லதான் சாமி. அழைச்சிட்டுப் போகக் கார் கொண்டாந்திருக்கேன். ஏறு!"

"மலரு... நில்லு!"

நர்ஸ் சாந்தாமேரி! வாரம் தவறாமல் வந்து மலரின் வயிற்றைப் பரிசோதித்து, சத்து மாத்திரையை விழுங்க வைத்துவிட்டுத்தான் நகர்வாள்.

"சிஸ்டர்... எங்க பெரியம்மாங்க!"

சாந்தாமேரி பட்டுப்புடவையை ஏற இறங்கப் பார்த்தாள். சிரித்தாள்.

"நொம்ப சந்தோசங்க. தாராளமா அழைச்சிட்டுப் போங்க. சக்கரை டெஸ்ட் மட்டும் பாக்கி. குளுக்கோஸ் குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் உக்காரணும்."

"அதெல்லாம் சேலத்துல பாத்துக்கறோங்க!"

"மலை எறங்கறப்ப கொழந்தைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

'குழந்தை' என்றதும் பெரியம்மா பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்!

சாந்தாமேரி போனோடு டீக்கடைப் பக்கம் ஒதுங்கினாள்.

மலர் இனிப்புத் தண்ணீரை வேண்டாவெறுப்பாகக் குடித்தாள். சனியன்... வந்த வாழ்வைக் கெடுக்கிறாளே!

சர்ர்ர்...

போலீஸ் ஜீப்!

பெரியம்மா ஓடினாள். பட்டுப்புடவை தடுக்கி விழுந்தாள். எஸ்.ஐ. சுஜாதா அமுக்கிப் பிடித்தாள்.

"போன மாசம் ஒருத்திகிட்டப் புள்ளையப் புடுங்கிட்டு, அவளைக் குப்பனூர் ரோட்டுல வீசிட்டுப் போனது இவதான்!"

மலரின் கை வயிற்றுக்குப் போனது.

"எப்பிடிங்க சிஸ்டர் கண்டுபுடிச்சீங்க?"

"எட்டாம் மாசத்துல... அதுவும் செவ்வாக்கெழமையில... பொறந்த ஊட்டுல இருந்து யாரு கண்ணு அழைக்க வருவா? சர்ச்சுக்குப் போற எனக்கே தெரியுது!"

மலர் உடைந்து அழுதாள்.

"அப்ப எனக்கு யாருமே இல்லீங்களா?"

"ஏன், நான் இல்லியா? இப்ப ஆஸ்பத்திரியில கட்டில் சொல்லியாச்சு. ஒம்போது பொறந்ததும் வளையல் போட்டு என்ற ஊட்டுக்கு அழைச்சிட்டுப் போறேன்."

மலர் கண்ணைத் துடைத்தாள். ஜீப்பில் ஏற்றப்படும் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அவங்களை மட்டும் செவ்வாக்கெழமையில அழைச்சிட்டுப் போறாங்களேங்க?"

"போலீசு அழைச்சா மாசமும் இல்ல... கெழமையும் இல்ல கண்ணு!"